எங்களுக்கு ஆருமில்லாத ஊர்

பாரிஸ் போய்த் திரும்பிய பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் "பாரிஸ் எப்படி?" என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "அடுத்தது எங்க?"

சும்மா கேட்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் கமலாக்கா முருங்கைக்காய்க் கட்டோடு வந்து கேட்டார். அவருடைய மகள் சுவிஸில், பேர்ன் நகரத்தில் இருக்கிறாள். கிண்ணியாவிலிருந்து பிரஷர் மாத்திரை வாங்க வருகிற ஒருவர் எருமைத் தயிர்ச் சட்டியொன்றைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கேட்டார். அவருடைய தம்பி மிலானில். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள்கூட என் முன்னால் இவ்வளவு பணிவாக நின்றதில்லை.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். எதையும் அளந்து, எழுதி, சீட்டு ஒட்டி வைப்பது என் தொழில். வீட்டிலும் அந்தக் குணம் போவதில்லை. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வுபெற்றவர். நெடுங்காலம் உயரத்தில் தனியாக இருந்ததாலோ என்னவோ, தரையில் இறங்கிய நாளிலிருந்து ஆட்களைக் கண்டால் விடமாட்டார். இனி அவரை 'இவர்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் சேமிப்பு இரண்டு வெளிநாட்டுப் பயணங்களுக்குத்தான் போதும். ஆகவே முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தோம்: முதல் பயணம் இவர் சொல்லும் ஊர், இரண்டாவது நான் சொல்லும் ஊர், மூன்றாவது கிடையாது. இவர் பாரிஸ் என்றார், ஏனென்றால் அங்கே இவருடைய அக்காவின் மகனுக்குத் திருமணம். நான் சொல்ல வேண்டிய ஊரின் பெயர் எனக்கு அப்போது தெரியாது. நிபந்தனை மட்டும் தெரியும். அங்கே எங்களுக்கு ஒருவரும் இருக்கக்கூடாது.

"அப்பிடி ஒரு ஊருக்குப் போய் என்னத்தைச் செய்யிறது?" என்று இவர் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

இவருக்கு விளங்காது. நான் மீன் சந்தைக்குப் போனால் மீன்காரர் பாரையை வெட்டுவதை நிறுத்திவிட்டு முழங்காலைக் காட்டுவார். மூதூர்ப் படகுக்கு வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர் நாக்கை நீட்டுவார். கோயிலில் ஐயர் திருநீற்றைத் தரும்போதே தன் இருமலைப் பற்றியும் சொல்லிவிடுவார். என்னைக் கண்டும் ஒன்றும் கேட்காமல் போவது பஸ் நிலையத்தில் திரியும் மான்கள் மட்டும்தான். ஒருவரும் முழங்காலைக் காட்டாத ஒரு ஊரில் சில நாட்கள் நடக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பாரிஸ் அந்த ஊர் அல்ல என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மச்சாளின், அதாவது இவருடைய அக்காவின் வீடு பாரிஸில் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தோம். விமான நிலையத்திலிருந்து மச்சாளின் இளைய மகன் காரை ஓட்டிக்கொண்டே போனான். வயல்கூட வந்தது, பாரிஸ் வரவில்லை. கந்தளாயில் இருந்துகொண்டு திருகோணமலை என்று சொல்வதைப் போன்ற கதை. வீட்டுக்குள் நுழைந்தால் இடியப்பமும் சொதியும் மேசையில் இருந்தன. யன்னலுக்கு வெளியே குளிர் இருந்ததால் மட்டும் ஊர் மாறியதை ஒப்புக்கொண்டேன்.

எங்கள் உடுப்புகள் கைப்பையில் இருந்தன. பெரிய பெட்டிகள் இரண்டிலும் இருந்தவை பார்சல்கள். வெளிநாடு போகிறவரிடம் தம் பிள்ளைகளுக்குப் பொதி கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கேட்ட எல்லோருக்கும் இவர் ஓம் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொன்றின் மேலும் மருந்து உறையில் ஒட்டும் சீட்டை ஒட்டி, பெயரும் குறிப்பும் எழுதியிருந்தேன். ஒடியல் மா, தம்பிராசா, ஈரம் படக்கூடாது. கருவாடு, ராணி, வேறு பொருட்களுடன் சேர்த்து வைக்கக்கூடாது. தொதல், சபீக், உணவுக்குப் பின். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்தார். ராணியின் பொதி வரையில் வந்ததும் மூடிவிட்டார்.

இரண்டாம் நாள் திருமணம். மணவறை ஒரு நாட்டிலிருந்தும், பூக்கள் இன்னொரு நாட்டிலிருந்தும் வந்திருந்தன, ஐயர் லண்டனிலிருந்து வந்திருந்தார். சாப்பாடு மட்டும் எங்கள் ஊர் நேரத்துக்கே வந்தது, அதாவது பிந்தி. அந்த மண்டபத்தை அப்படியே தூக்கி உட்துறைமுக வீதியில் வைத்தால் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் கணுக்கால் வீக்கத்தைக் காட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் லா சப்பலுக்குப் போனோம். அது தமிழ்க்கடைகளின் தெரு. நாங்கள் கடல் கடந்து சுமந்து வந்த ஒடியல் மா, அதே பனங்கிழங்கு மாவு, அங்கே தட்டில் அடுக்கியிருந்தது. மிளகாய்த் தூளும் இருந்தது. கருவாடு எங்களுடையதைவிட வெள்ளையாக இருந்தது. ஒரு பிரெஞ்சுப் பெண் அதைத் தூக்கிப் பார்த்துத் தன் தோழியிடம் ஏதோ சொன்னாள். என்ன என்று மச்சாளின் இளைய மகனிடம் கேட்டேன்.

"இந்த மீன் செத்து எவ்வளவு காலம் எண்டு கேக்கிறா, மாமி."

இவர் கடைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மெல்ல என் காதருகே வந்தார். "எல்லாம் இஞ்ச கிடக்குதே. அப்ப நாங்கள் ஏன் காவினனாங்கள்?"

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. விடை கிடைக்க ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

நான்காம் நாள் மெட்ரோவில் இவரைத் தொலைத்தேன். ஒரு பெண் குழந்தை வண்டியோடு படியில் திண்டாட, இவர் உதவி செய்யப் போனார். கதவு மூடியது, நான் உள்ளே, இவர் வெளியே. இவர் கண்ணாடிக்கு அப்பால் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போய்விட்டார். தொலைந்தால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி அசையாமல் நிற்பது என்று காலையில்தான் பேசியிருந்தோம். ஆகவே பயப்படவில்லை. அதுமட்டுமல்ல, அந்த ஒரு தரிப்பிடத் தூரம் எனக்கு இனிமையாக இருந்தது. எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் புத்தகத்துக்குத் திரும்பினார். மெய்சிலிர்த்துவிட்டது.

இறங்கி நின்ற இடத்தில் சுவரில் பெரிய விளம்பரப் படம் ஒன்று. மேட்டுத் தெருவில் மஞ்சள் ட்ராம் ஒன்று ஏறுகிறது. தெருவின் அடியில் துறைமுகம் தெரிகிறது. கீழே லிஸ்பன் என்று எழுதியிருந்தது. ஏற்றமும் நீரும் மீனும் உள்ள ஊர். அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை.

அடுத்த ரயிலில் இவர் வந்து இறங்கினார். பக்கத்தில் புதிதாக ஒரு நண்பர், மாலி நாட்டுக்காரர். "இவருக்கும் கிரேன் வேலைதான்" என்று அறிமுகம் செய்தார். இவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். கையால் தூக்கிக் காட்டினாராம்.

ஐந்தாம் நாள் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தோம். ராணியின் கருவாட்டைக் கொண்டு போகும் வழியில் ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. கோபுரம் வந்து நின்று, இவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போய்விட்டது. திரும்பும்போது பார்க்கலாம் என்றோம். ராணி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சோறும் ஏழு கறியும் வைத்தாள். திரும்பும்போது இருவரும் நித்திரை.

ஆறாம் நாள் ஒரே ஒரு பொதி மிச்சமிருந்தது: தொதல், சபீக். சபீக் எங்கள் பக்கத்து வீட்டு பல்கீஸ் ராத்தாவின் கடைசி மகன். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில்தான் ஓய்வு, கால்வாய்ப் பக்கத்து இரும்புப் பாலத்தடிக்கு வர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டிருந்தான். அன்று ரயில்காரர்களின் வேலைநிறுத்தம். பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தூறலில் நடந்தோம். எங்கள் ஊரில் வேலைநிறுத்தம் என்றால் ஆட்கள் கத்துவார்கள். அங்கே தோளைக் குலுக்கிவிட்டு நடக்கிறார்கள். இவர் கொஞ்ச நேரம் தோளைக் குலுக்கிப் பழகினார்.

பாலத்தடியில் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு இருந்தது. கால்வாயில் பெரிய கதவுகள். ஒரு படகு உள்ளே வந்தது, பின்கதவு மூடியது, தண்ணீர் நிறைந்தது, படகு மெல்ல மெல்ல எழும்பி எங்கள் காலளவுக்கு வந்தது. முன்கதவு திறந்தது, படகு போனது. வாழ்நாள் முழுவதும் பாரம் தூக்கிய இவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இஞ்சேரும், தண்ணியாலயே தூக்கிறாங்கள். கொழுக்கி இல்லை, கம்பி இல்லை. நான் ஒருத்தன் வீணா அவ்வளவு உயரத்தில இருந்தனான்."

சபீக் ஓடி வந்தான். இடுப்பில் ஏப்ரன், தலையில் மழை. ஏப்ரனைக் கழற்றிவிட்டு எங்கள் நடுவில் இருந்தான். பொதியை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. அங்கேயே கட்டை அவிழ்த்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கிண்டிய அந்தத் தொதலை மூன்றாகப் பிய்த்தான்.

"அன்ரி, நான் இந்த வாங்கில ஒரு நாளும் இருந்ததில்ல. எப்பயும் ஓடிக்கிட்டுத்தான் போற."

ஒரு முதிய பெண் நாயோடு வந்து நின்று எங்கள் கையைப் பார்த்து ஏதோ கேட்டார். சபீக் மொழிபெயர்த்தான்: "இந்தக் கறுப்புச் சாமான் பல்லைக் கழட்டுமா எண்டு கேக்கிறாங்க."

"கழட்டும் எண்டு சொல்லு" என்றேன். சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தின்றுகொண்டே நாயோடு போனார். யார், எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. படகுகள் வந்தன, எழும்பின, போயின. நாங்கள் பார்த்த பாரிஸ் அதுதான்.

போகுமுன் சபீக் ஏப்ரனைக் கட்ட எழுந்தான். அப்போதுதான் அவனுடைய பெல்ட்டைக் கண்டேன். கடைசி ஓட்டைக்கும் அப்பால் முள்ளுக்கரண்டியால் குத்தியதுபோல் புதிதாக ஒரு ஓட்டை. மிச்ச வார் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான்.

"உம்மாட்ட கொழுத்திட்டான் எண்டு சொல்லுங்க, அன்ரி."

"நான் அளவு மாத்திச் சொல்லுறதில்லை, தம்பி."

ஊர் திரும்பி, பெட்டியைத் திறக்குமுன்பே பல்கீஸ் ராத்தா வந்துவிட்டார். எங்கள் விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தார்.

"நல்லா இருக்கிறான் ராத்தா" என்று இவர் தொடங்கினார். "ஆள் கொழுகொழு எண்டு."

ராத்தா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க புள்ள. வீடியோவில கழுத்துக்கு மேலதான் காட்டுறான். மூஞ்சி எப்பயும் வட்டமாத்தான் இரிக்கி."

சொன்னேன். புதிய ஓட்டையைச் சொன்னேன், தொங்கிய வாரைச் சொன்னேன். இடது பெருவிரலில் சூடு பட்ட காயம், காய்ந்துகொண்டு வருகிறது, சீழ் இல்லை. தலைமயிர் ஒழுங்காக வெட்டியிருக்கிறான். இரண்டு காலுறையும் ஒரே நிறம். தொதலை ஆசையாகத் தின்றான், ஆகவே பசியில் குறையில்லை. இருந்து சாப்பிட நேரம்தான் இல்லை. சிரிக்கிறான்.

ராத்தா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "எத்தின பேர் போய் வந்தாங்க. எல்லாரும் நல்லா இரிக்கான் எண்டுதான் சொன்னாங்க. நீங்க ஒராள்தான் புள்ளயப் பாத்துட்டு வந்திரிக்கிற."

லா சப்பலில் கிடைக்காத விடை அந்தக் கதிரை நுனியில் கிடைத்தது. பார்சல் தின்பதற்கு அல்ல. அதைக் கொண்டு போகிறவர் பிள்ளையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அடுத்த நாள் காலை கமலாக்கா முருங்கைக்காயோடு வாசலில் நின்றார்.

"பேர்னுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ, வசந்தி. மருமகன் எப்பிடி எண்டு ஒரு பார்வை பாத்துச் சொன்னாக் காணும்."

"அதுக்கு என்னட்ட மருந்தில்லை, அக்கா."

"மருந்து வேண்டாம். நீங்கள் பாத்தாத் தெரிஞ்சிடும். கடைசி ஓட்டை வரையும் பாக்கிற ஆளெல்லே!"

அதன் பிறகுதான் தயிர்ச் சட்டி. இவருக்கு நல்ல காலம் பிறந்தது. "எல்லா ஊருக்கும் ஓம் எண்டு சொல்லும்" என்று எனக்குப் புத்தி சொன்னார், கித்துள் பாணியைத் தயிரில் ஊற்றிக்கொண்டே. "முடிவை ஆறுதலா எடுப்பம். அவசரப்பட்டால் சட்டி நிண்டு போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பது ஒரே ஒரு பயணம். கமலாக்காவின் முகத்தைப் பார்த்த நாள் பேர்ன்தான் சரி என்று பட்டது. மிலான்காரரின் அண்ணன் மாத்திரையை வாங்கிய பிறகும் கவுண்டரை விட்டுப் போகாமல் நின்ற நாள் மிலான் சரி என்று பட்டது. மற்ற நாட்களில் மஞ்சள் ட்ராம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்லிவிட்டேன். "லிஸ்பன்."

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "போர்த்துக்கேயரின்ர ஊரே? எங்கட கோணேசர் கோயிலை இடிச்சவங்களிட்டயோ?"

"ஓம். ஏன் இடிச்சனீங்கள் எண்டு கேட்டுக்கொண்டு வருவம். நீங்கள் இருக்கிற கதிரையும் அவங்கட பாஷைச் சொல்தான், எழும்புங்கோ."

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஆருமில்லை."

"கதைக்க ஒரு ஆள்கூட?"

"கையால தூக்கிக் காட்டுங்கோ. ஆள் வரும்."

செய்தி தெருவுக்குப் போனது. முருங்கைக்காய் நின்றது. மிலான்காரரின் அண்ணன் வேறு கடையில் மாத்திரை வாங்குவதாகக் கேள்வி. இத்தனை நாளும் என்னிடம் "அடுத்தது எங்க?" என்று கேட்காதவர் ஒருவர்தான், பல்கீஸ் ராத்தா. அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவருடைய படலையடியில் நானே போய்ச் சொன்னேன்.

"ஆருமில்லாத ஊரா?" என்றார். "நல்லம் புள்ள. போய் நிம்மதியா இரிங்க. ஒங்களுக்கும் ஆறுதல் வேணும்தானே."

"சபீக் எப்பிடி ராத்தா?"

"வெள்ளிக்கிழமைல பெல்ட்டக் காட்டு எண்டு சொல்லிரிக்கன். காட்டுறான். போன கெழம சேட்டுக்குள்ள துவாய வச்சிக்கிட்டு நிக்கிறான், புள்ள. நுனி வெளிய தெரியிது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சமையலைத் தொடங்கினேன், உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. எனக்கு அப்படி நடப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு சபீக்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உனக்கு லீவு இருக்கோ, தம்பி?"

"கெடக்கு அன்ரி. எடுக்கிறல்ல. எடுத்து எங்க போற? எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு ஆரு இரிக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. நான் ஆசைப்பட்டுத் தேடிப்பிடித்த ஊரின் நிபந்தனையை அவன் அப்படியே திருப்பிச் சொன்னான். அவன் சொன்னபோது அதில் ஆசை எதுவும் இல்லை.

"லிஸ்பனுக்கு வா" என்றேன். "ரெண்டு நாள். மூண்டாம் நாள் போயிடோணும். மிச்ச நாளுக்கு எனக்கு ஒருத்தரும் வேண்டாம்."

"மெய்யாவா அன்ரி?"

"இருந்து சாப்பிட வேணும். நிண்டு சாப்பிட ஏலாது."

திரும்பிப் பார்த்தால் இவர் வாசற்படியில். முகத்தில் ஒரு வெற்றி. "ஆருமில்லாத ஊர் எண்டீர்?"

"பேசாமல் இருங்கோ. ரெண்டு நாள்தான்."

நாளைக்குக் கொழும்புக்குப் பஸ். இந்த முறை உடுப்புகள் பெரிய பெட்டிக்குள் இருக்கின்றன. கமலாக்கா சமாதானமாகிவிட்டார், லிஸ்பனிலிருந்து பேர்ன் எவ்வளவு தூரம் என்று மட்டும் இடைக்கிடை கேட்கிறார். பின்னேரம் பல்கீஸ் ராத்தா ஒரு சிறிய பொதியோடு வந்தார். இவர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்ன ராத்தா, தொதல் இல்லையோ?"

"ஒங்கள்ட தந்தா நீங்களே திண்டுட்டு நல்லா இரிக்கான் எண்டுவீங்க" என்று ராத்தா அதைப் பறித்து என்னிடம் தந்தார். உள்ளே ஒரு புதுத் தோல் பெல்ட். "இதக் கட்டச் சொல்லுங்க, புள்ள. நடு ஓட்டைல நிக்கிதா எண்டு பாருங்க. துவாய் இரிக்கா எண்டும் பாருங்க."

என் பெட்டியில் உள்ள ஒரே பார்சல் அது. எடையும் இல்லை, வாசமும் இல்லை. மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டி எழுதினேன்: பெல்ட், சபீக், உணவுக்குப் பின்.